முள் இறங்காத ஒட்டு

அந்தக் குப்பைக் குழியில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கையில் எப்போதும் ஒரு குழல் ஊசி, அதோடு சேர்ந்த காற்றுமானி, காலால் மிதிக்கிற ஒரு பம்பு. வாயும் ஊசிதான் என்று அவள் புருஷன் சொல்வார், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

அவர் அங்கே ஒட்டுக்காரர். குப்பை கொட்டுவதற்கு முன்னால் குழியின் அடியில் களிமண்ணை இறுக்கி, அதன்மேல் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரிக்க வேண்டும். ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் சூட்டு மெஷினை ஓட்டி ஒட்டுவது அவர் வேலை. மெஷின் இரண்டு கோடாக ஒட்டி, நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஒரு சின்ன வழியை விட்டுக்கொண்டே போகும். அந்த வழியின் இரண்டு முனைகளையும் அடைத்து, ஒரு முனையில் ஊசியைச் செருகிக் காற்றடிப்பது அவள் வேலை. ஐந்து நிமிடம் காற்றுமானியின் முள் இறங்காமல் நின்றால் ஒட்டு நல்ல ஒட்டு. இறங்கினால் எங்கேயோ ஓட்டை. புருஷன் செய்வதில் பெண்டாட்டி குறை கண்டுபிடிக்கிறாள், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று சைட்டில் சிரிக்காத ஆள் இல்லை.

இதில் கடைசியாக ஒரு படி உண்டு. பாதிப் பேர் சோம்பல்பட்டு விட்டுவிடுகிற படி. முள் நின்ற பிறகு எதிர்முனைக்கு நடந்து போய் அந்த முனையை வெட்டிவிட வேண்டும். அடைத்த காற்று புஸ்ஸென்று வெளியே வந்தால்தான் ஒட்டு நெடுகக் காற்று போயிருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் வழி நடுவில் எங்கோ அடைபட்டிருக்கிறது, சோதித்தது பாதி ஒட்டைத்தான். வெயிலில் கொதிக்கிற ஷீட்டின்மேல் அறுபது மீட்டர் நடந்து போய் ஒரு புஸ்ஸைக் கேட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்? ஊசியக்காவுக்கு வரும். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை வரும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று யாராவது கேட்டால் அவளுக்கு இன்னும் கோபம் வரும். புதுக் குழிக்கு அடுத்தாற்போலப் பழைய குப்பைமேடு இருக்கிறது. அதன் அடியில் ஷீட்டும் கிடையாது, களிமண்ணும் கிடையாது. முப்பது வருஷம் வெறும் மணலில் கொட்டினார்கள். மழை பெய்யப் பெய்யக் குப்பையின் சாறு மண்ணுக்குள் இறங்கி, சரிவில் இருந்த அவள் பிறந்த தெருவுக்குப் போனது. தெருக் குழாயின் தண்ணீர் முதலில் மஞ்சளானது, பிறகு தேநீர் நிறமானது. அதிகாரிகள் வந்து பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாட்டிலும் திரும்பவில்லை, பதிலும் வரவில்லை. அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்த அவள் தங்கைக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கிடக்கிறாள். தண்ணீரால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சொல்ல வேண்டாம், யார் கேட்டார்கள்?

புதுக் குழியும் அதே சரிவில்தான். கீழே அதே தெருதான். தங்கையின் இரண்டு பெண்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தாள்.

அன்றைக்குக் காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் ஷீட்டின்மேல் ஜல்லி பரப்பியே ஆகவேண்டும் என்று இன்ஜினியர் எல்லார் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தார். மழைக்குள் முடித்தால் அடுத்த குழிக்கு நீங்கள்தான் மேஸ்திரி என்று ஒட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

கடைசி ஒட்டில் அவள் ஊசியைச் செருகி மிதிக்க ஆரம்பித்தாள். அறுபது மீட்டருக்கு நாற்பது மிதியாவது வேண்டும். பதினாறாவது மிதியிலேயே முள் ஏறி நின்றது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மெஷினை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடவில்லை.

ஐந்து நிமிடம் ஆனது, முள் இம்மி நகரவில்லை. அவள் எதிர்முனைக்கு நடந்து போய்க் கொக்கிக் கத்தியால் வெட்டினாள். சத்தமில்லை. கன்னத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். காற்றே இல்லை.

"காத்து அடிக்குதுல்ல, அதான் கேக்கல" என்றார் ஒட்டுக்காரர், பின்னாலேயே வந்து.

"எங்க நசுக்குனீங்க?"

அவர் மென்று முழுங்கினார். "நடுவுல ஒரு மடிப்பு விழுந்துடுச்சும்மா. மெஷின் அதுல ஏறிக் கருகிப் போச்சு. வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டா ஒரு நாள் போயிடும். அதான் காத்து அங்க போகாம, கருகுன எடத்துக்கு இந்தப் பக்கமே கொறடால புடிச்சு வழிய அடைச்சேன். ஒரே ஒரு எடம். அடியிலதான் களிமண்ணு இருக்கே."

களிமண். போன மாத வெயிலில் அதே களிமண்ணில் விரல் நுழையும் வெடிப்பு விட்டிருந்ததை இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் பார்த்தார்கள். இப்போது அதையே அவளிடம் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் மனுஷன்.

இன்ஜினியர் வேகமாக வந்தார். "என்னக்கா, முள்ளு நின்னுச்சுல்ல? எழுதிட்டு வாங்க." ஒவ்வொரு ஒட்டின் பக்கத்திலும் நேரம், முள் காட்டிய அளவு, அவள் கையெழுத்து மூன்றையும் வெள்ளை மார்க்கரால் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜல்லி.

"எழுத மாட்டேன் சார்."

இன்ஜினியர் அவளிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. மார்க்கரை வாங்கி ஒட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் குனிந்து, ஒரு நொடிகூடத் தயங்காமல், அவள் கையெழுத்தை அவள் போடுகிற மாதிரியே சுழித்துப் போட்டார்.

பழகிய கை. பார்த்ததும் அவளுக்கு அது புரிந்துவிட்டது.

அவள் கத்தியை ஷீட்டில் இறக்கி இழுத்தாள். ஒரு வாசல் அகலத்துக்கு ஷீட் வாயைப் பிளந்துகொண்டது.

"பைத்தியமாக்கா உங்களுக்கு? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க தெரியுதா?"

"தெரியுது சார். இந்த ஓட்டைய எல்லாரும் பாப்பாங்க, அடைக்காம ஜல்லி கொட்ட முடியாது. அவரு வெச்ச ஓட்டைய யாரு பாப்பா?"

இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு குழியின் கரைக்கு ஓடினார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'நீ' வந்தது.

"எங் கையெழுத்த எங்க பழகுன நீ?"

அவர் மார்க்கரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேனே, மூணு நாளு. அப்பவா?"

போன மாதம் தங்கைக்கு, ரத்தம் சுத்தம் செய்யக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் சீழ் பிடித்து, மூன்று நாள் கூடவே இருக்க வேண்டியதாயிற்று. நீ நிம்மதியா தங்கச்சியப் பாரு, இங்க நான் பாத்துக்கறேன் என்று சொல்லி அனுப்பியவர் இவர்தான். இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைத்ததும் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தங்கையைச் சாக்காக வைத்துத் தங்கை தெருவின் தண்ணீரிலேயே கை வைத்திருக்கிறார்.

"எத்தன ஒட்டு இதே மாதிரி?"

"நாலு" என்றார். "இன்ஜினியர்தாம்மா சொன்னாரு..."

அந்த நாலு ஒட்டும் குழியின் மேற்குப் பாதியில் இருந்தன. ஜல்லி பரப்பி இரண்டு வாரமாகிறது. ஓரத்தில் குப்பை லாரிகள் கொட்டவே ஆரம்பித்துவிட்டன. அவள் பம்பைத் தூக்கிக்கொண்டு ஜல்லியில் இறங்கி நேராக நடந்தாள். பின்வாங்கி வந்த லாரிக்குப் பின்னால் போய் நின்று, பம்பை ஓங்கி அதன் தகரத்தில் அறைந்தாள். லாரி நின்றது.

"அக்கா, தள்ளுக்கா, கொட்டிட்டுப் போறேன்" என்றான் டிரைவர்.

"வண்டிய எடுத்துட்டுப் போ. இங்க ஒரு பிடி குப்ப விழக் கூடாது."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கியரை மாற்றினான். ஒட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வரும் வழியில் யாரிடமோ ஒரு மண்வெட்டியை வாங்கி வந்திருந்தார். சமாதானத்துக்கு வந்தவர் போல அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காட்டு" என்றாள். "எங்க எங்க நசுக்குன?"

அவர் பத்தடி நடந்து, "இங்கதான்" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு இன்னும் இருபதடி போனார். "இல்ல, இங்க இருக்கணும்." குழியின் கரையைப் பார்த்தார், லாரி போன தடத்தைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே ஜல்லி. முதல் தூறல் அதன்மேல் விழத் தொடங்கியிருந்தது.

"தெரியலம்மா" என்றார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

அவள் அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி வீசினாள்.

"அது ஷீட்டக் கிழிச்சிடும். கையால அள்ளு."