மீராசாப் போடியாரின் சூட்டுக்குள் ஓர் எரிமலை

சாய்ந்தமருதில் நாற்பது ஏக்கர் வயல் இருந்தாலும் போடியார்தான், நாலு ஏக்கர் இருந்தாலும் போடியார்தான். மீராசா நாலு ஏக்கர்ப் போடியார். நடை மட்டும் நாற்பது ஏக்கருக்கு உரியது.

சூடடிக்கும் களவெட்டியில், அதாவது நெற்களத்தில், குறைச் சொல் ஆகாது என்பது ஊர் வழக்கம். இல்லை, தீர்ந்தது, எரிந்தது என்றெல்லாம் அங்கே கதைத்தால் நெல்லில் பரக்கத், அந்த இறையருள், போய்விடும். மற்றவர்கள் களத்தை விட்டு இறங்கியதும் நாக்கை அவிழ்த்து விடுவார்கள். மீராசா அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார்.

வெறும் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "அரிசி நிறைஞ்சிரிக்கி" என்பார்.

"நிறைஞ்ச அரிசியில சோறாக்க எனக்குத் தெரியா. கொஞ்சம் குறைஞ்ச அரிசியாப் பாத்து வாங்கிட்டு வாங்க" என்பாள் மனைவி ஸகியா.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாசியில் வெட்டிய கதிர்க் கட்டுகளைக் களத்தில் குவித்துச் சூடு வைக்கும் நேரம் பார்த்து, பருவம் தப்பிய மழை வந்தது. (கொழும்பில் இருந்து வாசிப்பவர்களுக்காக: இந்தப் பக்கத்தில் அடுக்கி வைத்த கதிர்க் குவியலுக்குப் பெயர் சூடு. வெப்பத்துக்கும் அதே சொல்தான். நாங்கள் குழம்புவதில்லை; குழம்பினாலும் ஒப்புக்கொள்வதில்லை.) கட்டுகளைக் காயவிட்டு அடுக்குவோம் என்றான் முல்லைக்காரன் றஊப். வயலையும் வேலையாட்களையும் பார்த்துக்கொள்பவன் அவன். ஆனால் அயல் வயல் முத்தலிப்பின் சூடு உயர்ந்துகொண்டே போனது போடியாரின் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கே அடுக்கச் சொன்னார். ஈரம் உள்ளே, பெருமை மேலே. அந்த வயல் வட்டையிலேயே உயரமான சூடு அதுதான். வீட்டின் வருஷச் சாப்பாடும் அடுத்த போகத்து விதை நெல்லும் அதற்குள் இருந்தன.

அந்தக் கிழமைதான் படம் காட்டும் வான் வண்டி பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தது. மஃரிபுத் தொழுகை முடிந்ததும் திரையில் எரிமலை தெரிந்தது. விளக்கம் இங்கிலீசில் ஓடியதால் பள்ளிக்கூடத்து ஜவுபர் மாஸ்டர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"எரிமலை எண்டா மலை எரியிறதில்ல. பேரு அப்பிடி. பூமிக்குக் கீழ பெரிய சூடு இரிக்கி."

"ஆர்ர சூடு, மாஸ்டர்?" என்று கேட்டார் மீராசா.

மாஸ்டருக்குக் கேட்கவில்லை. "அந்தச் சூட்டில கல்லே உருகுது. உருகின கல்லு பாரம் குறைவு, மேல மேல வரும். குண்டுச் சோடாப் போத்தலுக்குள்ள மாதிரி அதுக்குள்ள வாயு இரிக்கி. கல்லுக் குழம்பு கஞ்சி மாதிரி இரிந்தா வாயு லேசாக் கழண்டு போகும், குழம்பு வழிஞ்சு ஓடும். ஓடி ஓடிப் படிஞ்ச மலை, கவுத்து வெச்ச தட்டு மாதிரிப் பதிவா, அகலமா இரிக்கும்."

"அந்தக் கஞ்சி மலைக்குக் கிட்டப் போகலாமா?"

"பின்னுக்கு ஓடத் தெரிஞ்சவன் போகலாம். ஆனா குழம்பு களி மாதிரித் தடிப்பா இரிந்தா வாயுக்கு வழியில்ல. வாசல்ல கட்டியா அடைச்சிக்கொள்ளும். பொறுத்துப் பொறுத்து ஒரு நாள் வெடிச்சு, சாம்பலையும் கல்லையும் வானத்துக்கு எறியும். சாம்பலும் குழம்பும் மாறி மாறி அடுக்குப்பட்டு அந்த மலை செங்குத்தா உசரும். சிலது உயிரோட இரிக்கி, சிலது உறங்குது. உறங்குதெண்டு மேல ஏறிப் பாய் விரிச்சிராதீங்க."

பிறகு மாஸ்டர் தமது சொந்தச் சரக்கையும் சேர்த்தார். "மெக்சிக்கோ எண்ட நாட்டில, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு கமக்காரன் சோளம் போட்ட சேனைக்குள்ள நிலம் வெடிச்சுப் புகைஞ்சிச்சு. ஒரு வருஷத்தில அது பெரிய மலை!"

மீராசா எழுந்து நின்றார். "அந்த மனிசன் அந்தப் போகம் விளைச்சல் எடுத்தானா?"

"அது எனக்குத் தெரியா, போடியார்."

"பிறகென்ன படிப்பு!"

அடுத்த கிழமை ஒரு காலையில் றஊப் சூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நிற்பது களவெட்டியில். தீ என்று வாய் திறக்க முடியாது. கொஞ்சம் யோசித்தான்.

"போடியார், அந்த மெக்சிக்கோக்காரன்ட சோளச் சேனை ஞாபகமா?"

"ஓம். அதுக்கென்ன?"

"அது இஞ்ச வந்திரிக்கி."

சூட்டின் உச்சியில் வெள்ளையாக ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பனி" என்றார் போடியார்.

"பனி கையச் சுடுமா?"

போடியார் குரலைத் தாழ்த்தினார். "கஞ்சியா, களியா?"

"களி. நனைஞ்ச கட்டு மேல அமந்து வாசல அடைச்சிரிக்கி."

"அப்ப இன்னும் ரெண்டு கட்டு வெச்சு அமத்து."

"மூடிக்கு மேல மூடி போட்டா மலைதான் உசரும். பிறகு நெல்ல வானத்திலதான் பொறுக்கோணும்."

சைக்கிளில் வந்த ஜவுபர் மாஸ்டர் சங்கதி கேட்டுச் சிரித்தார். "எரிமலைக்கெண்டு பூமியில வேற வேற இடம் இரிக்கி. இந்தக் கரையில வராது" என்றபடி அவரும் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது பாடம் மாறியிருந்தது. "உயிரோட இரிக்கி!"

றஊப் வாய்க்கால் தண்ணீரை வாளிகளில் நிறைத்து வரிசையாக வைத்துவிட்டான். ஆட்கள் கம்புகளோடு சுற்றி நின்றார்கள். போடியார் சொல்லாமல் சூட்டில் கை வைக்க முடியாது. பிரி, கலை, இறக்கு என்று எதைச் சொன்னாலும் குறைச் சொல். தவிர, இந்தச் சூடு தாழ்ந்தால் வட்டையிலேயே உயரம் முத்தலிப்பின் சூடுதான். முத்தலிப்பும் வேலையை நிறுத்திவிட்டு வரம்பில் வந்து நின்றார்.

ஆவி மஞ்சளாக மாறியது. கருகல் மணம் எழுந்தது.

"ஒரு சொல்லு செல்லுங்க, போடியார்!" என்று கெஞ்சினான் றஊப்.

மீராசா சால்வையை உதறித் தோளில் போட்டார். "பிஸ்மில்லாஹ்! மலைய வெடிக்க வைங்கடா!"

நாலு பக்கமும் கம்புகள் பாய்ந்தன. உச்சிக் கட்டுகள் பறந்தன. அடைபட்டிருந்த ஆவி ஒரே மூச்சில் கிளம்பியது. நடுவில் கறுத்த வைக்கோலில் காற்றுப் பட்டதும் பொறி ஒன்று கண் விழித்தது. றஊப் வாளியைக் கவிழ்த்தான், இன்னொன்று, இன்னொன்று. "இது உண்மையான எரிமலை இல்ல, ஈர வைக்கோல் புழுங்கினது" என்று மாஸ்டர் கையை ஊதிக்கொண்டே விளக்கினார். ஒருவரும் கேட்கவில்லை. கட்டுகளை வரம்பு நெடுக விரித்தார்கள். ஓரத்துக் கட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, விதை நெல்லுக்கும் அவை போதும். நடுக் கட்டுகள்தான் தவிட்டு நிறம்.

"என்ன மீராசா, நட்டமா?" என்று கேட்டார் முத்தலிப். களத்துக்கு வெளியே நின்றதால் அவருக்கு எந்தச் சொல்லும் ஆகும்.

எல்லோரும் போடியாரின் வாயையே பார்த்தார்கள். அவர் நடுக் கட்டு ஒன்றை உருவினார். கதிரைக் கசக்கி, உமியை ஊதி, வாயில் போட்டு நிதானமாக மென்றார். பாதி வெந்திருந்தது.

"புழுங்கலுக்கு விறகு மிச்சம், முத்தலிப்" என்றார்.