தொழுவத்தில் ஏது அடுப்பு?

மலையேறும் யாத்திரிகர்கள் கூடும் நல்லதண்ணியிலிருந்து வரும் காலைப் பேருந்து எங்கள் தோட்டத்துச் சந்தியில் நிற்பது வழக்கம்தான். அதன் கண்டக்டர் இறங்கிப் பிள்ளைக்காம்பரா வரைக்கும் நடந்து வருவது வழக்கமன்று. தேயிலைக் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் தம் சிறு குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த அறையில், நான் தொட்டில் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, நம்ம செபமாலை அக்கா நேத்து சாயங்காலம் போயிட்டாங்க. மக கடையிலதான். மலை எறங்கி வந்தவங்களுக்குக் கொத்தமல்லித் தண்ணி ஊத்திக் குடுத்துட்டு உக்காந்தாங்களாம். அப்புறம் எந்திரிக்கல."

நான் அவருக்கு நன்றி கூறினேன். பின்னர், குழந்தைகள் யாவரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அத்தகைய செய்தியைக் கேட்ட மறுகணமே ஏன் அவ்வாறு செய்தேன் என்பதை, அவரை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

இந்நாடு சுதந்திரம் பெற்றுச் சிறிது காலத்திற்குள் நான் பிள்ளைக்காம்பராவில் பணிக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தின் படியை நான் மிதித்ததில்லை. என்னிடமுள்ள எழுத்தும் வாசிப்பும் நானே தேடிக்கொண்டவை. அதனை முதல் நாளிலேயே தெரிவித்துவிடுவது முறையெனக் கருதி, எனக்குப் பிழையின்றி எழுதவும் படிக்கவும் தெரியும் என்று செபமாலை அக்காவிடம் கூறினேன். அவர் பால்மாவைக் கரைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு தாயி. அந்தா, அந்த மூலையில ஒண்ணு மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்குது பாரு. மொதல்ல அதத் தொடச்சு வுடு. அப்புறமா படிக்கலாம்."

அன்று தொடங்கிய எங்கள் கூட்டு உழைப்பு, அவருடைய முழங்கால்கள் மேடேற மறுக்கும் வரையில் நீடித்தது. நிர்வாகம் எங்களிடம் எதிர்பார்த்தது தொட்டிலாட்டுவதை மட்டுமே. பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது என் விருப்பம். நான் சொல்லும் பாடத்தைக் கதையாக்கிவிடுவது அவருடைய வழக்கம்.

ஒரு மார்கழியில், பங்களாவிலிருந்து துரைசாணி பழைய நாட்காட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். அதில் வெண்பனி மூடிய காடும், குகைக்குள் சுருண்டு உறங்கும் கரடியும் வரையப்பட்டிருந்தன. அதனைச் சுவரில் மாட்டி, "பனிக்காலத்தில் கரடி உணவின்றி நெடுநாள் உறங்கும்" என்று குழந்தைகளுக்கு அறிவுறுத்தினேன். முன்வரிசையிலிருந்த ஒருவன் கவலையுடன் கேட்டான்.

"வேலைக்குப் போகாம தூங்குனா அதுக்குப் பேரு யாரு போடுவா டீச்சர்?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பதிவதற்குப் பேர் போடுவது என்று பெயர். பேர் விழாவிட்டால் கூலி இல்லை. நான் தகுந்த விடையைத் தேடிக்கொண்டிருக்கையில், செபமாலை அக்கா அடுப்படியிலிருந்தே பதில் கொடுத்தார்.

"அதுக்கு எதுக்குடா பேரு? நமக்குத்தான் கம்பளியக் குடுத்துட்டு சம்பளத்துல புடிப்பாங்க. அது பொறக்கையிலேயே கம்பளியோட பொறந்துருச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து குழந்தைகளின் நடுவில் அமர்ந்தார். நம் மிருகங்கள் குளிருக்கு எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாய் அடுப்புச் சாம்பலில் படுக்கும் என்றது ஒரு குழந்தை. கோழி கூடைக்குள் என்றது மற்றொன்று. "அட்டை?" என்று ஒரு குரல் வந்தது.

"அட்டை மழைக்குத்தான் வெளிய வரும். பனி வந்துட்டா மண்ணுக்குள்ள போயிரும். வருசம் பூரா நம்மகிட்ட குடிச்சது பத்தாதா? நம்ம ஊருக் கரடி அட்டதான்டா."

அன்று முழுவதும் குழந்தைகள் அட்டையாகச் சுருண்டு கிடந்தார்கள். கரடியின் பாடத்தை நான் நாட்காட்டியோடு சுருட்டிவைக்க நேர்ந்தது. இவ்வாறெல்லாம் கூறுவது உண்மைக்குப் பொருந்துமா என்று மாலையில் வினவினேன். "உண்மையோ பொய்யோ, நாளைக்கு வருங்க பாரு. எனக்கு அது போதும்" என்றார்.

வர வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலை. முந்தைய பனிக்காலத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான கீழ் லயத்தில் தனியே விடப்பட்டிருந்த ஒரு குழந்தையின் பாவாடையில் அடுப்பு நெருப்புப் பற்றிக்கொண்டது. குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பின்னும், பனி கொட்டும் காலைகளில் மேட்டுப் பாதையில் குழந்தைகளைத் தூக்கிவர அஞ்சிச் சில தாய்மார் அவர்களை லயத்து அறையிலேயே விட்டுச்சென்றார்கள். மாரியாயி அவர்களில் ஒருத்தி. அவளுக்குப் பொன்னுத்தாய் என்று ஐந்து வயதை எட்டாத மகளும், இன்னும் நடக்கத் தொடங்காத ஆண்குழந்தையும் இருந்தார்கள். கூடையோடு மலைக்குப் போகும் அவளைச் செபமாலை அக்கா ஒரு நாள் வழிமறித்தார்.

"புள்ளைங்க எங்கடி?"

"வீட்ல இருக்குதுக்கா. இந்தப் பனியில தூக்கியாந்தா சின்னவனுக்கு நெஞ்சுல சளி கட்டிக்குது."

"அடுப்பு பக்கத்துல வுட்டுட்டு வந்தா என்னா கட்டிக்கும்?"

காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிறது என்று மாரியாயி போய்விட்டாள்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளான நத்தார் நெருங்கியதும் செபமாலை அக்கா கவாத்துக் குச்சிகளால் அறையின் மூலையில் ஒரு குடில் கட்டினார். களிமண்ணில் அவரே பிசைந்த பாலனும் ஒரு மாடும் அதில் இருந்தன. அவர் வேதக்காரர், குழந்தைகளில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயில் பிள்ளைகள். பன் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாரியாயியும் அன்று தன் மக்களைக் கொண்டுவந்திருந்தாள். பாலன் கடுங்குளிரில் தொழுவத்தில் பிறந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாய் இடைமறித்தாள்.

"அங்க அடுப்பு இல்லியா ஆயாம்மா?"

"தொழுவத்துல ஏதுடி அடுப்பு? மாடு கிட்ட வந்து மூச்சு வுட்டுச்சு. அந்தச் சூட்டுலதான் புள்ள தூங்குச்சு. பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்கு மால போட்டுப் பொங்கல் ஊட்டுறோம்ல? அது எதுக்குன்னு நெனைச்ச? அன்னைக்கிப் புள்ளையக் காப்பாத்துச்சுல்ல, அதுக்குத்தான்."

இரு சமயத்தாரின் இரு பண்டிகைகள் ஒரே மாட்டின் முதுகில் ஏறி அமர்ந்துவிட்டன. செய்தி கோயில் வரை சென்றது. பூசாரி மறுநாளே வந்து நின்றார்.

"என்னா தாயி, எங்க மாட்டுப் பொங்கலக் கொண்டுபோயி உங்க சாமி கணக்குல எழுதிட்டியாமே."

"நான் என்னாத்தக் கண்டேன் சாமி? மாட்டயே கேட்டுப் பாருங்க. அது எந்தக் கோயிலுன்னு சொல்லுதோ, அங்கேயே கட்டிப்போட்டுருவோம்."

பூசாரி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பண்டிகைகளைக் குழந்தைகளுக்கு அவற்றிற்குரிய வரலாற்றுடன் கற்பிப்பதே முறை என்று கருதினேன்; இன்றும் அவ்வாறே கருதுகிறேன்.

தைப் பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் மாரியாயி மறுபடியும் குழந்தைகளை லயத்திலேயே விட்டு மலைக்குப் போனாள். பகல் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது, உள்ளே எவருமில்லை. அவளுடைய அலறல் பிள்ளைக்காம்பரா வரை கேட்டது. அடுத்திருந்த அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த கிழவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் ஓடையை நோக்கி ஓடினார்கள். தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கரும் வந்துவிட்டார். பால் கொடுக்க வந்திருந்த தாய்மாரிடம் காம்பராக் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு நாங்கள் இருவரும் இறங்கினோம்.

செபமாலை அக்கா ஓடைப் பக்கம் போகவில்லை. மாரியாயியின் அறைக்குள் நுழைந்து, அடுப்புச் சாம்பலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது. சுவரில் தொங்க வேண்டிய கம்பளியும் அங்கே இல்லை.

"நெருப்பு அணைஞ்சு போயிருக்கு. சூடு தேடித்தான் போயிருக்கா" என்றார். அடுத்த நொடி அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். லயத்தின் பின்புறமிருந்த தொழுவத்தை நோக்கி ஓடினார்.

அங்கே கருப்பி என்ற மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் முகத்தருகே, மாணாப் புல்லின் மேல், கம்பளிக்குள் சின்னவன் கிடந்தான். பக்கத்தில் பொன்னுத்தாய் குந்தியிருந்தாள். எங்களைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க ஆயாம்மா. இப்பத்தான் தூங்குனான்."

செபமாலை அக்கா குழந்தையைத் தூக்கிக் கன்னத்தைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உடம்பு சூடாகத்தான் இருந்தது.

மாரியாயி ஓடிவந்து மகளை ஓர் அறை அறைந்தாள். பின்பு செபமாலை அக்காவின் பக்கம் திரும்பினாள். "உங்க கதையக் கேட்டுத்தான் எம்புள்ளைய மாட்டுக் காலடியில கொண்டாந்து போட்டிருக்கா. அது எந்திரிச்சு ஒரு மிதி மிதிச்சிருந்தா?"

"ஆமாண்டி. மிதிச்சிருக்கும்" என்றார் செபமாலை அக்கா.

பெரிய கிளாக்கர் கூறினார்: "பால் குடுக்கத்தான் உன்ன வச்சது, கதை சொல்ல இல்ல. துரைகிட்ட சொல்லி வேற ஆளப் போட்டுக்கிறேன். நாளையிலருந்து நீ வர வேணாம்." பின்பு அவர் பொன்னுத்தாயிடம் குனிந்தார். "ஏன் புள்ள, குளிருச்சுன்னா வீட்டு அடுப்ப ஊதிப் பத்தவைக்கிறதுதானே?"

அவள் அழுகைக்கிடையில் சொன்னாள்: "பத்தவைக்கத்தான் போனேன். அடுப்பு வேணாம், மாடு இருக்குன்னு இங்க தூக்கியாந்துட்டேன்."

முந்தைய ஆண்டு நெருப்பில் போன குழந்தையின் வீடு, தொழுவத்திற்கு எதிர்ப்புறம் இருந்தது. மாரியாயி அந்தக் கதவைப் பார்த்தாள். பின்னர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, அவங்கள நிப்பாட்டிட்டா நான் புள்ளைங்கள யாருகிட்ட வுட்டுட்டு மலைக்குப் போவேன்?"

"நீதான் கொண்டாந்து வுடுறதே இல்லியே."

"நாளையிலருந்து வுடுவேன்."

கிளாக்கர் செபமாலை அக்காவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னமோ செய்யுங்க" என்று சொல்லி நடந்துவிட்டார். மறுநாளும் பனி கொட்டியது. சின்னவனைக் கம்பளியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, பொன்னுத்தாயைக் கையில் பிடித்துக்கொண்டு, மாரியாயி மேட்டுப் பாதையில் ஏறி வந்தாள். மற்றத் தாய்மாரும் பின்னர் ஒருவர் பின் ஒருவராக அதே வழியில் வந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று கருப்பியை எங்கள் முற்றத்திற்கே ஓட்டிவந்து, செவ்வந்தி மாலையைப் பொன்னுத்தாயின் கையால் போடவைத்தோம். பொங்கல் ஊட்டியவர் பூசாரி. அருகில் நின்றவர் செபமாலை அக்கா.

அவ்வருடத்திற்குப் பின், அவர் கதையில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார். குடிலிலும் களிமண்ணால் இருவரை அதிகமாகப் பிசைந்து வைத்தார். "அம்மாவும் அப்பாவும் பக்கத்துலயே முழிச்சிருந்தாங்க." அதோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு: "பெரியவங்க இல்லாம மாட்டுக்கிட்டப் போகக் கூடாது." இதைச் சொல்லி முடிக்காமல் எந்தக் குழந்தைக்கும் பன் கொடுக்கமாட்டார்.

கடைசியாக அவரை நான் சந்தித்தது, சென்ற யாத்திரைப் பருவத்தில், நல்லதண்ணியில் அவருடைய மகளின் கடையில். மலையேறுவோர் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிங்களவர்கள் புத்தருடைய பாதத்தையும், நம்மவர்கள் சிவனுடைய பாதத்தையும் வணங்கப் போகும் மலை ஒன்றே அல்லவா. அவர் அவர்களைக் காட்டி என் காதருகே கூறினார்: "இத்தனை பேரு சாமிக்கும் ஒரே மலைதான். இதுக்கு ஒருத்தரும் சண்டைக்கு வரல. நான் மாடு ஒண்ணுன்னு சொன்னதுக்கு உங்க பூசாரி எம்புட்டுத் தூரம் நடந்து வந்தாரு பாத்தியா?"

அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாள், நான் இவ்வருடத்துக் குடிலைக் கட்டினேன். அவர் விட்டுச்சென்றவற்றில் நான் காத்துவைத்திருப்பது அந்தக் கதை. என் பாடங்கள் அனைத்தையும் திருத்தமான தமிழிலேயே நான் சொல்கிறேன். குழந்தைகள் நல்ல தமிழைச் செவியால் அறிய வேண்டும் என்பது என் உறுதி. இந்த ஒன்றை மட்டும் அவருடைய வாய்மொழியிலேயே, ஓர் எழுத்தும் மாற்றாமல் சொல்கிறேன்.

நேற்றுக் காலை பொன்னுத்தாய் தன் மகளைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தாள். இப்போது அவளும் இத்தோட்டத்தில்தான் கொழுந்து பறிக்கிறாள். கூடையோடு வாசலில் நின்றவள், கதை தொடங்கியதால் போகாமல் நின்றுவிட்டாள். பாலன் பிறந்த இடத்திற்கு நான் வந்ததும், அவளுடைய மகள் அங்கே அடுப்பு இல்லையா என்று கேட்டாள்.

"தொழுவத்துல ஏதுடி அடுப்பு?" என்றேன் நான். மாடு வந்தது. மூச்சு விட்டது. பிள்ளை தூங்கியது. கடைசி வாக்கியத்திற்கு நான் வாயெடுப்பதற்குள், வாசலிலிருந்து பொன்னுத்தாய் அதைச் சொல்லி முடித்தாள்.

"அம்மாவும் அப்பாவும் பக்கத்துலயே முழிச்சிருந்தாங்க."

பின்பு, பனி உள்ளே வராதபடி கதவை இழுத்துச் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.