நான் திருத்திய எழுத்து

திங்கள்: ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. என் மனைவியின் கடைசிக் கட்டுரையில் உள்ளபடி இன்னோர் ஆய்வகம் செய்து பார்த்ததில் வைரஸ் வளரவில்லை என்றார்கள். செவ்வாய்: சேலையூர் வீட்டில் அவளுடைய குறிப்பேட்டை எடுத்தேன். மூன்றாம் அட்டவணையில் அவள் எழுதியிருந்தது ஆங்கில எழுத்து ‘ஈ’; அச்சானது ‘க்யூ’. புதன்: திருத்தம் கோரி எழுதினேன். வெள்ளி: கட்டுரைக்குப் பொறுப்பேற்று எழுதியவரின் கையொப்பம் வேண்டும் என்று பதில் வந்தது. அப்படி எழுதியவள் என் மனைவி. அவள் இறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன.

மாடுகளைத் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றியது அவளுடைய வேலை. அந்த வைரஸ் தன் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்து, பிறகு தானே துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடங்களிலெல்லாம் ‘க்யூ’ என்று குறிக்கப்படும் அமினோ அமிலம் நிற்க, ஓரிடத்தில் மட்டும் ‘ஈ’. அங்கே வெட்டு மெதுவாக விழும். மரபெழுத்து ஒன்று மாறினாலே ‘ஈ’ ‘க்யூ’ ஆகிவிடும். ஆனால் எத்தனை தலைமுறை வளர்த்தாலும் வைரஸ் அந்த எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் என்பதே அவள் பதினொரு ஆண்டுகளாகக் கேட்ட கேள்வி.

விடை கிடைத்த மாலை, கேம்ப் ரோட்டில் பேருந்துக்கு நிற்கும்போது, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைக் காட்டினாள். “ஏங்க, ‘பலகை’ன்னு சேர்த்துப் படிச்சா ஒண்ணு, ‘பல கை’ன்னு பிரிச்சா வேற. வைரஸுக்கு வெட்டாம சேர்ந்திருக்கிறதும் வேணும், பிரிஞ்சதும் வேணும். சீக்கிரம் வெட்டிட்டா பலகை போச்சு. நாற்பது வருஷமா பயோகெமிஸ்ட்ரி நடத்தினீங்களே, இது தோணலையா?” நான் சிரித்தேன். புரிந்துகொண்டேன் என்றும் நினைத்தேன்.

வெளியாகும் முன் பிழை பார்க்க அச்சுப்படி வந்தபோது அவள் மருத்துவமனையில் இருந்தாள். “கமா, புள்ளி மட்டும் பாருங்க. உங்க அறிவை வெளியிலயே வெச்சுட்டு வாங்க,” என்றாள். அப்படித்தான் உட்கார்ந்தேன். ‘க்யூ’க்களின் வரிசையில் தனியாக நின்ற அந்த ‘ஈ’ கண்ணை உறுத்தியது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திய கை, யோசிக்காமல் அதை அடித்துவிட்டு ‘க்யூ’ என்று எழுதியது. அவளுடைய கண்டுபிடிப்பே அந்த ஓரெழுத்துதான்.

இப்போது அவள் கண்டது பொய் என்கிறார்கள். பொறுப்பை என் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டு அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்கு நான்கு முறை போய்வந்துவிட்டேன்.

“மேடம் ஒரு லெட்டர் குடுத்தா போதும் சார்,” என்றார் அலுவலகத்திலிருந்த புதியவர்.

“மேடம் இல்லை.”

“லீவுல இருக்காங்களா சார்?”

அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. அவர் படிவத்தில் உள்ளதைக் கேட்கிறார். நானும் வரிசையில் உள்ளதைத்தான் பார்த்தேன்.

செய்யாமல் நிற்பவை:

நிறுவனத்தின் கடிதம்.

பிழை அவளுடையதன்று, என்னுடையது என்று அந்த ஆய்வகத்துக்கு எழுதுவது. மூன்று முறை தொடங்கி, முதல் வரியோடு நிற்கிறது.

அச்சுப்படியை அனுப்பிய அன்று, “ஏதாவது மாத்தினீங்களா?” என்று கேட்டாள். எழுத்துப்பிழையைத் திருத்துவது மாற்றமாகாது என்று எண்ணி, இல்லை என்றேன். அந்தப் பதிலைத் திருத்துவது.