துடுப்போடு கட்டிய மகன்

என் மகனை இத்தாலிக்காரர்கள் அடிமையாக வாங்கிவிட்டார்கள் என்று நான் நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். என்ன, என்னைவிடக் கொஞ்சம் மெதுவாக நம்பியிருப்பீர்கள்.

இத்தாலியில் ஒரு மியூசியத்தில் கூட்டித் துடைக்கிற வேலை என்று சொல்லித்தான் பதுளை டவுன் ஏஜென்ட் அவனை அனுப்பினார். ராஜாக்கள் காலத்தில் கப்பல் கட்டிய பட்டறையாம். இப்போது அதில் கப்பல் சரித்திரம் காட்டுகிறார்களாம். எங்கள் பக்கம் பழைய தேயிலை ஃபேக்டரியை ஹோட்டலாக்குவது தெரியும். பட்டறையைப் பார்க்க எவன் டிக்கட் எடுப்பான்? எனக்கு அப்போதே சந்தேகம்.

மகன் நம்பரிலிருந்து வந்த அந்த வீடியோவில் அவன் இடுப்புக் கந்தலோடும் கால் சங்கிலியோடும் துடுப்பு வலித்தான். முதுகெல்லாம் ரத்தம். ஒருத்தன் முரசு அடிக்க, இன்னொருத்தன் சாட்டையைச் சொடுக்கினான். அடி விழ விழ மகன் அலறினான். விடியுமுன் தப்படித்து, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிட்ட கதையையும் கங்காணியின் பிரம்புக் கதையையும் தோட்டத்து லயத்தில் கேட்டு வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? போன் போட்டேன். எடுக்கவில்லை. செத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

"வேலையில இருப்பான், கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி. நான் எடுத்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டாள். எங்கள் ஸ்பிரிங்வெளி தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்து ஆட்டோவில் இறங்கும்போது என் உடம்பு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத்தானே என்று டிரைவர் கேட்டான்.

ஏஜென்ட் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்காமல் முகத்தில் குத்தினேன். கோப்பை பறந்தது. கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன்.

"எம்மகன எந்தக் கப்பலுக்குடா வித்த?"

"அண்ணே, அது மியூசியம்ண்ணே. நாடகம் போட்டுக் காட்டுவாங்க."

நாடகம் என்றதும் எனக்கு வெறி இன்னும் ஏறியது. மறுபடி குத்தினேன், அவன் மூக்கில் ஏதோ நொறுங்கியது. அவனும் சும்மா இருக்கவில்லை, மேசையிலிருந்த ஸ்டேப்லரால் என் நெற்றியைப் பிளந்தான். நான் அவன் தோளைக் கடித்தேன். இரண்டு பேரும் ரத்தத்தில் உருளும்போது என் போன் அடித்தது.

வீடியோ கோலில் மகன். பக்கத்தில் சாட்டைக்காரன் பாண் துண்டொன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அப்பா, வீடியோ பாத்தீங்களா? நடிக்கிற ஆள் லீவு, என்னைய ஏத்திவிட்டுட்டாங்க. நல்லா கத்துனேனா?"

மகன் முதுகில் இருந்தது சிவப்புச் சாயம். ஏஜென்ட் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவருடைய மூக்கெலும்பை நான் உடைத்திருந்தேன். பொலிஸ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது.