முடிச்சோடு அளந்த சேலைகள்

ஐயா, அல்லது அம்மா, இதைக் கையில் எடுத்திருப்பவர் தாங்கள் யாராயினும் என் வணக்கம். சிறு வியாபாரிகளுக்கு ஏற்றுமதி விதிகள் தெரிவதில்லை, தெரிந்துகொள்ள அவர்கள் முயல்வதும் இல்லை, அதனால்தான் அவர்கள் சந்துக்குள்ளேயே கிடக்கிறார்கள் என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் பேசினார். நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து மறுக்க வேண்டிய இடம் அதுவன்று என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னும் மனம் ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன். எனக்கு விதிகள் தெரிந்திருந்தன.

எழுபதுகளின் இறுதியில், மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குச் சுங்குடிச் சேலைக் கடை ஒன்று இருந்தது. இருவர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அகலம். நான் பேரையூர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவன். துணி வியாபாரத்தை வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றவன். சாயம் போடுபவர் என் கூட்டாளி. பல தலைமுறைக்கு முன் குஜராத்திலிருந்து வந்து மதுரையில் நிலைத்த, வீட்டுக்குள் இன்னமும் தங்கள் மொழியையே பேசுகிற குடும்பம் அவருடையது. துணியில் முடிச்சுப் போடும் வேலையை அவருடைய தமக்கையும் அந்தத் தெருப் பெண்களும் செய்தார்கள். அந்த அம்மையாரை நான் அக்கா என்றே அழைப்பேன்.

சுங்குடி அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். வெள்ளைத் துணியை நகத்தால் மிளகு அளவு கிள்ளியெடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சிடுவார்கள். ஒரு சேலையில் அப்படி ஆயிரக்கணக்கில். பின்பு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் இறங்காது. அவிழ்த்தால் அவ்விடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஆனால் நாங்கள் அவிழ்ப்பதில்லை. காய்ந்த சேலையைச் சுருங்கிய கட்டாகவே கடையில் வைப்போம். வாங்குகிறவர் எதிரில் இருவர் இரு முனையையும் பற்றி இழுக்க, முடிச்சுகள் படபடவென்று தெறித்து விடுபடும். அச்சில் புள்ளி குத்திய மலிவுத் துணி சந்தைக்கு வந்துவிட்ட காலம் அது. கையால் கட்டியது என்பதற்கு முடிச்சைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவிழ்த்த சேலையை அசல் என்று சொல்லி மதுரையிலேயே விற்பது கடினம்.

பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழர் ஒருவர் ஊருக்கு வந்தபோது என் கடைக்கு வந்தார். தீபாவளிக்கு நூற்றிருபது சேலைகள் கேட்டார். படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்:

“முடிச்சோட வரணும் அண்ணே. அவுத்து வந்துச்சுன்னா அங்கன உள்ள பொம்பளையாளுக அச்சுச் சேலைன்னு தூக்கிப் போட்ருவாக. இது ஓடிருச்சுன்னா வருசா வருசம் உங்ககிட்டத்தான்.”

அந்தச் சொல்லை நம்பி நாங்கள் இரு குடும்பத்தாரும் வேலையில் இறங்கினோம்.

ஏற்றுமதியாளர் எண் பெறுவதற்காகச் சென்னைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை, வங்கிச் சான்று இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, சான்று இருக்கிறது, ஆனால் அதன் மேல் விழுந்த முத்திரை மங்கியிருக்கிறது என்றார்கள். மூன்றாம் முறை எண் கிடைத்தது. அதன் பின் அந்நியச் செலாவணிப் படிவம், விலைப் பட்டியல், பொதிகளில் உள்ளவற்றின் பட்டியல், கைத்தறிதான் என்பதற்கான ஆய்வுச் சான்று, கப்பலில் ஏற்றுவதற்கான படிவம். ஒவ்வொன்றும் இத்தனை நகல் என்று. அனைத்தும் ஆங்கிலம். கப்பல் நிறைய அனுப்புகிறவருக்கும் இரண்டு பொதி அனுப்புகிற எனக்கும் அதே படிவங்கள்தாம். அவருக்கு அதை நிரப்ப ஓர் அலுவலகம் இருக்கும். எனக்கு ஓர் அகராதி இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாட்டைவிட்டு என்ன வெளியே போகிறது என்பதை அரசாங்கம் அறிய வேண்டியதுதான். ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன்.

ஒவ்வொரு சேலையின் நீளம் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. ஐந்தரை மீட்டர் என்று எழுதினேன். கைத்தறி ஆய்வாளரும் முடிச்சுப் போடுமுன் வெள்ளைத் துணியாக இருந்தபோது அளந்து, ஐந்தரை என்றே சான்று தந்திருந்தார்.

எங்கள் பிழை இவ்விடத்தில்தான் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். முடிச்சுப் போட்ட துணி சுருங்கும். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் முடிச்சோடு இருக்கிற சேலையை எங்களில் ஒருவரும் ஒரு நாளும் அளந்ததில்லை. பிள்ளை சுருண்டு படுத்திருக்கும்போது அதன் உயரத்தை எவரேனும் அளப்பார்களா? அளக்க ஒருவர் வருவார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பொதிகளைக் கொண்டுபோன துறைமுக ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே நேர்மையானவர்களும் இருந்திருப்பார்கள். சரக்குக் கொட்டகையில் என் பக்கம் நின்றவர், படிவங்களைத் தாக்கல் செய்து கொடுக்கிற முகவர் ஒருவர். சுங்கச் சோதனை அதிகாரி பொதியைப் பிரித்து மேலாக இருந்த சேலையை எடுத்தார். ஊழியர் ஒருவர் மீட்டர் கோல் வைத்து அளந்தார்.

“மூணு நாப்பது சார்.”

“எம்புட்டு?”

“மூணு நாப்பது.”

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். “அஞ்சரைன்னு எழுதியிருக்கீரு. மிச்சம் ரெண்டு மீட்டரை எங்க, பஸ்ல விட்டுட்டு வந்துட்டீரா?”

“முடிச்சுக்குள்ள இருக்கு சார்.”

ஊழியருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “முடிச்சுக்குள்ள ரெண்டு மீட்டராம் சார். ஜோப்புக்குள்ள யானை வச்சிருக்கார்போல.”

நான் பொறுமையாக விளக்கினேன். ஆய்வுச் சான்றைக் காட்டினேன். “இப்பவே ஒண்ண அவுத்துக் காட்டுறேன் சார், அளந்து பாருங்க” என்றேன்.

“ஒண்ண அவுத்தா அது ஒண்ணுக்குத்தான் நெசம். மத்த நூத்திப் பத்தொம்பது?”

“ஒண்ண அளந்துதான சார் நூத்திருபதும் பொய்யின்னு சொன்னீங்க?”

“அது ரூலு. நீர் கேக்குறது சலுகை.”

இந்தப் பதிலை இத்தனை ஆண்டுகள் மனத்தில் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒருவனைப் பொய்யன் என்று முடிவுகட்ட ஒரு சேலை போதும். அவன் மெய்யன் என்று ஒப்புக்கொள்ள நூற்றிருபதும் வேண்டும். எந்த விதிப் புத்தகத்தில் இது அச்சாகியிருக்கிறது என்று எனக்கு இதுவரை எவரும் காட்டியதில்லை.

இரண்டு வழி சொன்னார். படிவத்தில் மூன்று நாற்பது என்று திருத்த வேண்டும். இல்லையேல் எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். முகவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

“திருத்தித் தொலைங்க அண்ணாச்சி. ஒரு நம்பருதான?”

“சான்றுல அஞ்சரை. பினாங்குக்காரர் அங்க காட்டப்போற காகிதத்துலயும் அஞ்சரை. இதுல மட்டும் மூணு நாப்பதுன்னா அவரைப் பிடிச்சு உக்கார வச்சிர மாட்டாகளா? அதுபோக, அப்பத்தான் நான் மெய்யாவே பொய் எழுதுனவன் ஆவேன்.”

“நீங்க அரிச்சந்திரனுக்குத் தம்பி போல. கப்பல் நாளை மறுநாள் போகுது, பாத்துக்கோங்க.”

மேலதிகாரியைப் பார்த்தேன். அவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டார். முடிச்சிட்ட நிலையில் இன்ன நீளம், அவிழ்த்த நிலையில் இன்ன நீளம் என்று இரண்டையும் எழுதிக் கையெழுத்திடுகிறேன் என்றேன். “நீங்க சொல்றது சரிதான் பெரியவரே. ஆனா படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே” என்றார். எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அடுத்த கப்பலில் ஏற்றினால் தீபாவளி கழிந்த பிறகே சரக்குப் போய்ச் சேரும். தபால் நிலையத்தில் காத்திருந்து கூட்டாளிக்கு டிரங்க் கால் போட்டேன். நான் சொன்னதை அவர் மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, “அவுக்கச் சொல்றாகளா அண்ணே? அம்புட்டையுமா?” என்றார். ஒன்றும் அனுப்பாமல் போவதைவிட அவிழ்த்தாவது அனுப்பி, பினாங்குக்காரருக்கு விளக்கமாகக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தோம். பழகாத கை இழுத்தால் துணி கிழியும். ஆகவே மறுநாள் அக்காவே ஐந்து பெண்களுடன் சோற்றுப் பொட்டலங்களோடு பேருந்தில் வந்து இறங்கினார்.

“எங்க, தம்பி, அந்த மூணு நாப்பது?” என்றுதான் கொட்டகைக்குள் நுழைந்தார்.

இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று இழுத்தார்கள். அந்தக் கொட்டகை முழுவதும் முடிச்சு தெறிக்கும் ஓசை. சுமை தூக்குவோரும் எழுத்தர்களும் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வாரக்கணக்கில் குனிந்து கட்டியவற்றை அந்தப் பெண்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர் அளந்து சொன்னார்: “அஞ்சு அம்பது சார்.” அடுத்தது, “அஞ்சு அம்பது.” பன்னிரண்டாவது சேலைக்குப் பின் அதிகாரி கையமர்த்தினார்.

“எல்லாத்தையும் அளங்க சார்” என்றேன். “ஒண்ண அவுத்தா அது ஒண்ணுக்குத்தான் நெசம்னீங்க.”

“போதும்யா. அதான் தெரியுதே.”

“அப்ப மிச்சத்தை முடிச்சோடயே விட்ருங்க சார்.”

“அவுத்தாத்தான் கையெழுத்து.”

பாதிக்கு மேல் அவிழ்த்தாகிவிட்டது. அப்போது அந்த அதிகாரி அக்காவின் அருகே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

“அம்மா, ஒண்ண மட்டும் அவுக்காம எடுத்து வைங்க. சும்மா வேணாம், காசு குடுத்துர்றேன். வீட்டுல ரொம்ப நாளாக் கேக்குறாக. முடிச்சு இல்லாமக் கொண்டுபோனா டூப்ளிகேட்டும்பாக.”

அக்கா இழுப்பதை நிறுத்தவில்லை. “எதுக்கு சார்? மூணு நாப்பதுதான இருக்கு. வீட்டம்மாவுக்கு ஒரு சுத்துக்குக்கூடப் பத்தாதே.”

எதிர்முனையைப் பிடித்திருந்த பெண் சிரிப்பில் துணியை நழுவவிட்டாள். ஊழியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி, “சீக்கிரம் முடிங்க, கூட்டம் போடாதீங்க” என்று அதட்டிவிட்டு மேசைக்குப் போனார். முடிச்சே அசலுக்கு அடையாளம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, ஐயா. தெரிந்தே அவிழ்க்கச் சொன்னார். என் அறியாமையைக் குறைசொல்லும் பெரியவர்கள் இந்த அறிவுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கப்பல் போயிற்று. தீபாவளி முடிந்து பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அவர் நாகரிகமானவர்; கடிந்து எழுதவில்லை. துணியைத் தாம் அறிவதாகவும், வாங்க வந்தவர்கள் நம்பவில்லை என்றும், அச்சுச் சேலையோடு சேர்த்துப் போட்டுத்தான் விற்க முடிந்தது என்றும் எழுதியிருந்தார். இனி அனுப்ப வேண்டாம் என்பது கடைசி வரி. அதன் பின் எங்கள் சரக்கு கடல் தாண்டவில்லை.

நான் ஒரு மனு எழுதினேன். முடிச்சிட்ட துணிக்கு இரண்டு நீளங்களையும் எழுத இடம் தர வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. பல மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: ஏற்றுமதியாளர் இனிமேல் சரியான அளவைக் குறிப்பிடுமாறு அறிவுறுத்தப்படுகிறார். எது சரியான அளவு என்று அதில் இல்லை.

என்னிடம் தந்த படிவ நகலில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கிறது: அளவில் வேறுபாடு கண்டறியப்பட்டது, ஏற்றுமதியாளர் சரிசெய்த பின் அனுமதிக்கப்பட்டது. நான் ஓர் எண்ணையும் சரிசெய்யவில்லை. நான் எழுதிய ஐந்தரைதான் கப்பலேறிய ஐந்தரை. அவிழ்த்த பின் கோல் என்ன சொன்னது என்பதை அந்த அலுவலகத்தில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இங்கே நான் எழுதியிருக்கிறேன். படிவ நகலை இதனுடன் இணைத்துள்ளேன். இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.