ஐந்தரை வண்டி

போன் திருத்தும் கடைக்குள் நான் அதிக நேரம் நிற்பதில்லை. ஈயம் உருகும்போது எழும் அந்தக் குங்கிலிய வாசம், கொஞ்சம் இனிப்பாகவும் கொஞ்சம் கருகலாகவும் மூக்கில் ஏறித் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரத் தம்பி "இருங்க அக்கா, அஞ்சு நிமிசம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் தெருவில் நிற்பேன். மற்றவர்களுக்கு அது போன் கடை வாசம். எனக்கு அது எங்கள் வீட்டு முன்னறையின் வாசம், பின்னேரம் ஐந்தரை மணிக்கு முந்திய வாசம்.

எங்கள் வீடு மட்டக்களப்பு ஸ்டேசனுக்குப் பின்புறம், வாவிக் காற்று நேராக வந்து முகத்தில் அடிக்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. அப்பா ஸ்டேசனில் "பொயின்ற்ஸ்மன்"; வரும் வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அந்தப் பக்கத்துக்குப் பாதையை இழுத்து மாற்றிவிடுகிறவர். சண்டைக் காலத்தில் ரயில் எங்கள் ஊர்வரைக்கும் வராமல் நின்றபோதும் அவருக்கு வேலை போகவில்லை. காலையில் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, புல் முளைத்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். மூன்று மணிக்கு மறுபடியும் வெளியே போவார், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடிக்க. சண்டைதான் அந்த மனிதரை அப்படி ஆக்கியது என்று சொல்ல உங்களில் சிலருக்கு இப்போதே நாக்குத் துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். பக்கத்து வளவுக்காரரும் ரயில்வேதான், அவருக்கும் அதே புல் முளைத்த தண்டவாளம்தான்; அவர் அந்த ஓய்வில் தன் மனைவிக்கு ஒரு கோழிக்கூடு கட்டிக் கொடுத்தார்.

எங்கள் அப்பா கட்டியது ரயில் பாதை. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. காத்தான்குடியில் ஒரு கடையிலிருந்து, வெளிநாட்டில் வேலைக்குப் போய் வந்த யாரோ விற்ற ஒரு பெட்டியை அப்பா ஒருநாள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே மின்சாரத்தில் ஓடும் ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். நாங்கள் தரையில் வட்டமாகப் பூட்டி ஓடவிட்டுக் கைதட்டினோம். அப்பா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்த ரெயில் வட்டமா ஓடுது? இது என்ன செக்கா?" என்று கேட்டுத் துண்டுகளையெல்லாம் கழற்றினார். அன்றைக்கே வேலை தொடங்கிற்று.

முன்னறைச் சுவரோரமாக, இடுப்பளவு உயரத்தில், பழைய கதவுப் பலகைகளைப் போட்டு ஒரு மேடை அமைத்தோம். ஜன்னலடி மட்டக்களப்பு, அடுப்படி வாசல் பொலன்னறுவை. பெட்டியோடு வந்த தண்டவாளம் பாதித் தூரத்துக்குத்தான் காணும் என்பதால், உடைந்த குடைகளின் கம்பிகளை உருவி நிமிர்த்தி, ஐஸ்பழக் குச்சிகளை இரண்டாக நறுக்கிச் "சிலிப்பர்" கட்டைகளாக ஒட்டி, அவற்றின்மேல் மீதிப் பாதையைப் பதித்தோம். ஒரு கம்பி முடிந்து மறு கம்பி தொடங்கும் இடத்தில் பால்மா டின்னில் வெட்டிய சின்னத் தகட்டைச் செருகுவோம், அதற்கு ஸ்டேசன்காரரைப் போலவே "பிஷ்பிளேட்" என்றே பெயர். ஏறாவூர் ஸ்டேசனுக்குத் தீப்பெட்டி. நடுவில், அப்பாவின் பெருமையெல்லாம் குவிந்த ஓட்டமாவடிப் பாலம். அந்நாளில் ரயிலும் பஸ்ஸும் அந்த ஒரே பாலத்தால்தான் போகும், ஆகவே தகரத்தில் செய்த எங்கள் பாலத்திலும் தண்டவாளத்தை ஒட்டியே ஒரு பஸ் ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. பாலத்துக்குக் கீழே, இரண்டு பலகைக்கும் இடையில் விட்ட வெளியில், ஒரு பெரிய அலுமினியத் தட்டத்தில் உண்மையான தண்ணீர். இரண்டு மாதம் போயிற்று இந்த வேலைக்கு. அந்த இரண்டு மாதமும் அப்பா அம்மாவை அடிக்கவில்லை. அம்மா குச்சி நறுக்கித் தந்துகொண்டு எங்களோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

பாதை முடிந்ததும் நேர அட்டவணை வந்தது. நாள்தோறும் பின்னேரம் ஐந்தரைக்கு வண்டி மட்டக்களப்பை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்பா ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்து, கதிரையை நடு அறையில் போட்டு, மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவார். நான் குமிழில்; அண்ணன் பாதையோரம். வண்டி ஏறாவூரில் நின்று, வாழைச்சேனையில் நின்று, பாலத்தைக் கடந்து பொலன்னறுவைக்குப் போய்ச் சேர்ந்தால், "சரி, லைன் கிளியர்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போவார், சாப்பிடுவார், படுப்பார். வீடு மூச்சு விடும்.

சேராவிட்டால்? முதல்முறை எஞ்சின் பாலத்தில் தடம்புரண்டு தட்டத்துத் தண்ணீருக்குள் தலைகுப்புற விழுந்தபோது நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அப்பா சிரிக்கவில்லை. "ஆர் பாதையப் பார்த்த?" என்றார். பிறகு அவசரமே இல்லாமல் இடுப்புப் பட்டியை உருவி, பித்தளைக் கொக்கி வெளியே தொங்கும்படி கையில் சுற்றிக்கொண்டு, எங்களைத் தாண்டி அடுப்படிக்குள் போனார். "ஒரு வண்டிய ஒழுங்கா விடத் தெரியாத புள்ளகள். உன்ட வளர்ப்பு" என்ற குரல் கேட்டது, அதன்பின் பட்டியின் சத்தம் மட்டும். அம்மா கத்தமாட்டார். அடுப்படித் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கொக்கி பட்ட இடமெல்லாம் தோல் கிழிந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். நான் தண்ணீர் தொட்டுத் தொட்டு அந்தச் சட்டையை முதுகிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறேன். ஒருமுறை காது கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "படியில வழுக்கிட்டன் டொக்டர்" என்றார் அம்மா. எங்கள் வீட்டுக்குப் படியே கிடையாது.

அதன்பிறகு எங்களுக்கு அது விளையாட்டல்ல. மற்றப் பிள்ளைகள் வாவிக்கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நானும் அண்ணனும் தண்டவாளத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்; ஒரு தூசி, ஒரு எறும்பு, ஒரு மயிர் இருக்கக்கூடாது. அப்படியும் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வண்டி விழுந்தது. எப்போதும் பாலத்தில், எப்போதும் அதே தகட்டில். மத்தியானம் நான் இறுக்கிச் செருகிய தகடு பின்னேரம் தளர்ந்திருக்கும். ஒருநாள் வண்டி விழுந்ததும் அப்பா எழுவதற்கு முன்பே அண்ணன் முன்னால் போய் நின்று, "நான்தான்பா அதைக் கழட்டின. என்னை அடிங்க" என்றான். அப்பா அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டுத் தள்ளிவிட்டு அடுப்படிக்குத்தான் போனார். அண்ணன் சொன்னதை நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? நான் இறுக்கியது எனக்குத் தெரியும், அந்தப் பாதையில் கை வைக்கிற மற்ற ஆள் அவன் ஒருவன்தான், அவனே வாயால் சொல்லியும்விட்டான்.

அடுத்த நாள் கிணற்றடியில் அவன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, சுத்தியலை எடுத்துப் போய் அதன் காம்பால் அவன் வாயில் அடித்தேன். "அம்மாவ அடிக்க வைக்கிறியா நாயே" என்று கத்திக்கொண்டு அடித்தேன். முன்பல் பாதியாக உடைந்து மணலில் விழுந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான், விரலிடுக்கால் இரத்தம் ஒழுகிற்று. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை இப்போது மறைத்து ஒரு பிரயோசனமும் இல்லை; நன்றாகவே சந்தோசமாக இருந்தது, இன்னொன்று போடலாமா என்றுகூட இருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. மரத்தில் ஏறி விழுந்ததாக அம்மாவிடம் சொன்னான்.

ஒரு கிழமை கழிந்திருக்கும். பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்ட ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு, வெக்கை தாங்காமல் மேடைக்கு அடியில் சீமெந்துத் தரையில் படுத்திருந்தேன். அப்பா வெளிக்கிடும் நேரம். செருப்புச் சத்தம் அறையைக் கடந்து போகாமல் மேடையருகில் நின்றது. தட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியால் நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தின்மேல் அப்பாவின் விரல்கள். தகட்டை மெல்ல உருவி, மறுபடியும் பாதியளவு மட்டும் உள்ளே தள்ளி, மேலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று தலையைச் சரித்துப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் படிந்திருந்த தூசியை வாயால் ஊதிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அம்மா துருவலையில் குந்தி இராச் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மூச்சுவாங்கச் சொல்லி முடித்தேன். அம்மாவின் கை நிற்கவில்லை.

"தெரியும் புள்ள."

"தெரிஞ்சா ஏன்மா சொல்லல்ல? நாங்க நாள் முழுக்க அதைப் போட்டுத் தேய்ச்சுக்கொண்டு இருக்கிறமே!"

"சொன்னா அதை விட்டுட்டு ரெண்டு பேரும் இஞ்ச வந்து எனக்கு முன்னால நிப்பீங்க. அந்தப் பட்டிக்கு ஆள் பார்க்கத் தெரியாதுகா. நீங்க அங்கயே நில்லுங்க."

அண்ணன் பின்வளவில் இருந்தான், உதடு இன்னும் வீங்கியபடி. "நீ கழட்டல்லதானே?" என்றேன். இல்லையென்று தலையாட்டினான். "அப்ப என்னத்துக்கு நான்தான் எண்டு சொன்ன?"

"என்னை அடிச்சுக் களைச்சா மறுகா அம்மாக்குக் கொஞ்சம் குறையும் எண்டு நினைச்சன்" என்றான்.

நான் அழவில்லை. போய், குமிழின் வயரை ஒட்ட அப்பா வைத்திருந்த ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினேன். அண்ணன் தகட்டை இறுக்கிப் பிடிக்க, பாலத்தின் கீழ்ப்பக்கமாக, மேலே தெரியாதபடி, தகட்டையும் கம்பியையும் ஈயத்தால் ஒன்றாக்கினோம். அறை முழுவதும் குங்கிலியப் புகை. இனி இந்தப் பாலத்தில் வண்டி விழவே விழாது என்ற நிம்மதியில், பட்டிக்கே ஏதோ விலங்கு பூட்டிவிட்டதைப் போல இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு வண்டியை விட்டேன். ஏறாவூர், வாழைச்சேனை. அப்பா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் பாலத்தில் ஏறிற்று. அவர் உடம்பு கதிரையில் முன்னுக்குச் சரிந்தது. எஞ்சின் தகட்டின்மேல் சின்ன ஒரு குலுக்கலும் இல்லாமல் போயிற்று, மூன்று பெட்டியும் போயின, வண்டி பொலன்னறுவையில் போய் அழகாக நின்றது. நான் குமிழை அணைத்துவிட்டு "லைன் கிளியர்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அப்பா எழுந்து போய்ப் பாலத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பட்டியை உருவினார். அடுப்படிக்குள் போனார்.

அன்று வண்டி நேரத்துக்கு வந்திருந்தது.

அம்மா சொன்ன இடத்தில் நாங்கள் நிற்கவில்லை. அண்ணன் பின்னாலிருந்து பட்டியைப் பிடித்துத் தொங்கினான். அப்பா அவனை உதறிச் சுவரில் அடித்தார். நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். கொக்கி என் புருவத்தைப் பிளந்தது, கண்ணுக்குள் சூடாக இரத்தம் இறங்கிற்று. அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒற்றைக் கண்ணால்தான்: இத்தனை காலமும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அம்மா, தூணை விட்டுவிட்டு, தரையில் கிடந்த துருவலையை இரண்டு கையாலும் தூக்கி, அப்பாவின் கையில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பட்டி விழுந்தது. "பொடியனையும் பொட்டையையும் தொட்டா இனிக் கைக்கில்ல, தலைக்குத்தான்" என்றார் அம்மா, கத்தாமல், கறிக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரலில்.

ஆஸ்பத்திரியில் அப்பா, "படியில வழுக்கிட்டன் டொக்டர்" என்றார். எனக்கு ஐந்து தையல் போட்ட தாதி எங்கள் எல்லோரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதன்பின் அப்பா யாரையும் அடித்ததில்லை; வண்டியையும் விட்டதில்லை. கட்டுப் போட்ட கையோடு அவர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பாதையைக் கழற்றி, பலகைகளைப் பின்வளவுக்கு இழுத்துப் போய், தானே ஒரு கோழிக்கூடு அடித்தார்.

இப்போது ரயில் மட்டக்களப்புக்கு ஒழுங்காக வந்து போகிறது. ஓட்டமாவடியில் ரயிலுக்கு ஒரு பாலம், வாகனங்களுக்கு வேறு பாலம். எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதி நிற்கிறது. முன்னறை இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். அண்ணன் பிரான்சில், வைத்துக் கட்டிய பல்லோடு. அப்பா செத்து நாலு வருடம். செத்த வீட்டில் ஒருவர், "புள்ளகளுக்கு வீட்டுக்குள்ளயே ரெயில் ஓட்டிக் காட்டின மனுசன், அப்பிடி ஒரு தகப்பன் கிடைக்காது" என்று சொன்னபோது நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எஞ்சின் எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. இவ்வளவும் இல்லாமல் போனவை. எல்லாம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் என் மகள், ஒன்பது வயது, நான் இரண்டு நாளாகத் திருத்தி அடுக்கி வைத்திருந்த பரீட்சைத் தாள்களின்மேல் தேத்தண்ணியை ஊற்றிவிட்டாள். எத்தனை தரம் சொன்னது என்று கத்திக்கொண்டு எழுந்தேன். எழுந்தபோதே கை மேலே போயிருந்தது. அம்மா என்னோடுதான் இருக்கிறார். முழங்கால் வலி, கதிரையிலிருந்து எழும்ப இரண்டு மூன்று தரம் உன்னவேண்டும். அன்று ஒரே தரத்தில் எழும்பி வந்து, பேத்தியைப் பின்னால் தள்ளிவிட்டு, எனக்கு முன்னால் நின்றார்.

"நான் அடிக்கமாட்டன்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.