டியூஷன் பணம் மருந்துக்குப் போன வருஷம்

எங்கள் வீட்டில் சோறு பொங்குவதும் விசைத்தறி ஓடுவதும் ஒரே கூரைக்குக் கீழேதான். ஜலகண்டாபுரத்தில் பாதி வீடு இப்படித்தான். எட்டாவது படிக்கும் மகளுக்குப் போன வருஷம் மூச்சிழுப்பு வந்தபோது, ரோட்டில் போகும் லாரிகளைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். புகையும் மண்ணும் உள்ளே வருகிறதென்று இரண்டு ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்தேன். காற்றடித்தால் இழை அறுந்து தொலையும் என்று தறிக்காரன் எவனும் ஜன்னலைத் திறக்கவே யோசிப்பான். எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது.

இழுப்பு அதிகமானது. மாதம் இரண்டு முறை சேலத்துக்கு ஓட்டம், நெபுலைசர், இன்ஹேலர். கணக்கு டியூஷனுக்கு எடுத்துவைத்த பணம் அப்படியே அதற்குப் போனது. வேறு வழியில்லாமல் டியூஷனை நிறுத்தினேன். கணக்கில் கெட்டிக்காரி அவள். "பரவால்லீங்கப்பா" என்றாள். பாழாய்ப்போன அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை.

நாலாம் நாள் டியூஷன் டீச்சரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். மேசைமேல் கிடந்த மகளின் நோட்டை எடுத்து ஊதினார். பஞ்சு பறந்தது.

"ஏனுங்க, இந்தப் பஞ்சுக்குள்ள உக்கார வெச்சா புள்ளைக்கு எப்படீங்க மூச்சு வரும்? எங்க ஊட்ல ரெண்டு மணி நேரம் இருப்பா, ஒருக்காகூட இருமுனதில்லீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. ரோட்டுத் தூசிக்குப் பயந்து பிள்ளையைத் தறித்தூசியோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறேன்! தப்பை ஒப்புக்கொள்ள வாய் வருமா? "காசு வாங்காமச் சும்மா சொல்லிக்குடுத்தா நாங்க ஏத்துக்க மாட்டமுங்க" என்று பேச்சை மாற்றி முறைத்தேன்.

"படிக்க வேண்டாமுங்க. மூச்சு உட அனுப்புங்க. பள்ளிக்கூடம் உட்டா நேரா எங்க ஊட்டுக்கு வரட்டும். தறி நிறுத்துனப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க."

அட்டையைப் பிய்த்தெறிந்தேன். ஆனாலும் தறி ஓடுகிற வரைக்கும் பஞ்சு பஞ்சுதானே. மகளை அனுப்பிவைத்தேன். கூட்டிவரப் போனதெல்லாம் மனைவிதான். டீச்சரம்மா முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம்.

பத்து நாள் கழித்து மனைவி ஊரில் இல்லாததால் நான் போனேன். உள்ளே மகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள், சத்தமாக. ஓரிடத்திலும் இருமவில்லை, நிறுத்தி மூச்சு வாங்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. எத்தனை பணம் கட்டினாலும் தீராத நன்றி அது.

என்னைப் பார்த்ததும் மகள் பையை எடுத்தாள்.

"இரு சாமி" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா பக்கம் திரும்பினேன். "இன்னும் அரை மணி நேரம் இங்கயே இருக்கட்டுங்களா?"